தப்பு ஆயில் ஊத்துனதுல செத்துப்போன பிரேக்கும், நாலு பிராண்ட பிரிச்சு பாத்த மூணு வாரமும்

போன வருஷம் மழை முடியுற நேரம், ஒரு ஞாயித்துக்கிழம காலைல பெங்களூர் பக்கம் அவலஹள்ளி காட்டுல சைக்கிள்ல ரெண்டாவது சுத்து போயிட்டிருக்கும்போது பின்சக்கரத்த யாரோ புடிச்சு இழுக்குற மாதிரி இருந்துச்சு. செம்மண் ஈரமா இருந்ததால டயர்ல அப்பிருக்கும்னு நெனச்சு எறங்கி குச்சியால சொரண்டிட்டு மறுபடி ஏறுனேன், நூறு மீட்டர் கூட போகல, சக்கரம் நின்னே போச்சு. வண்டிய தூக்கி கையால சுத்தி பாத்தா அசையல. டிஸ்க்க தொட்டேன், விரல் பொசுங்கிடுச்சு (இத எப்பவும் பண்ணாதீங்க, பிரேக் புடிச்சுக்கிட்ட டிஸ்க் தோல உரிச்சிடும்). சக்கரத்த கழட்டி, டயர் கழட்டுற நெம்புகோல டிஸ்க்க கவ்வுற ரெண்டு பேடுக்கும் நடுவுல விட்டு நெம்பி, பேட தள்ளுற பிஸ்டன உள்ள தள்ளுனேன், போச்சு, திரும்ப மாட்டி பிரேக் லிவர ரெண்டு தடவ அமுக்குனேன், மறுபடியும் கவ்விக்கிச்சு. கடைசில பின்சக்கரத்த தூக்கி புடிச்சுக்கிட்டே கேட் வரைக்கும் நடந்து வந்தேன்.

அதுக்கு மூணு வாரம் முன்னாடிதான் வண்டிய சர்வீஸ் விட்டு வாங்கிருந்தேன். கடை பேரு வேண்டாம். சைக்கிள், ஸ்கூட்டர் ரெண்டும் பாக்குற கடை, பில்லுல "பிரேக் ஆயில் சேஞ்ச்"னு எழுதிருந்துச்சு, எனக்கும் அப்போ சந்தோஷம்தான், லிவர் கல்லு மாதிரி இறுக்கமா இருந்துச்சு.

அல்சூர்ல எங்க தெரு முனைல ஒரு டூ வீலர் மெக்கானிக் அண்ணன் இருக்காரு, திருவண்ணாமலை பக்கத்துலேர்ந்து வந்து ரொம்ப வருஷமா இங்கதான். சைக்கிள் அவரு பாக்குறதில்ல, ஆனா டிஸ்க் பிரேக்குனா அவருக்கு எல்லாம் ஒண்ணுதான். சாயங்காலம் வண்டிய தள்ளிக்கிட்டு போனேன். லிவர் மேல இருந்த மூடிய கழட்டி, உள்ள இருந்த ஆயில ஒரு சொட்டு விரல்ல எடுத்து மோந்து பாத்தாரு.

"தம்பி, இதுக்கு என்ன ஆயில் ஊத்தணும்?"

"மினரல் ஆயில்ண்ணே, மூடிலயே எழுதிருக்கு பாருங்க."

"எழுதிருக்கு சரி. உள்ள இருக்குறது அது இல்லயே. ஒரு பிளாஸ்டிக் டம்ளர்ல தண்ணி எடுத்துட்டு வா, குடிக்கிற டம்ளர் வேணாம்."

டீக்கடைலேர்ந்து ஒரு யூஸ் அண்ட் த்ரோ டம்ளர் வாங்கி தண்ணி புடிச்சு குடுத்தேன். அதுல ஒரு சொட்டு விட்டாரு. சொட்டு மெதுவா கீழ எறங்கி, புகை மாதிரி கலைஞ்சு, தண்ணியோட கலந்தே போயிடுச்சு. வீட்ல வெச்சிருந்த என்னோட மினரல் ஆயில் பாட்டில எடுத்துட்டு வந்து இன்னொரு டம்ளர்ல விட்டோம், அது ரசத்து மேல மெதக்குற எண்ணெய் மாதிரி மேலயே வட்டமா நின்னுச்சு. அவ்ளோதான் விஷயம். டாட் ஆயில் தண்ணியோட கலக்கும், மினரல் ஆயில் கலக்காது. என் பிரேக்ல எவனோ ஸ்கூட்டருக்கு ஊத்துற டாட் ஆயில ஊத்திருக்கான்.

இது ஏன் இவ்ளோ பெரிய விஷயம்னா, பிரேக்குக்குள்ள இருக்குற ரப்பர் சீல் அந்தந்த ஆயிலுக்குனு செஞ்சது. மினரல் ஆயில் பிரேக்ல பெரும்பாலும் நைட்ரைல் ரப்பர், டாட் பிரேக்ல ஈபிடிஎம் ரப்பர். நைட்ரைல்ல டாட் பட்டா ஊறி உப்பிடும், ஈபிடிஎம்ல மினரல் ஆயில் பட்டாலும் அதே கதி. உப்புனா என்ன ஆகும்? லிவருக்குள்ள ஆயில் டேங்குக்கும் சிலிண்டருக்கும் நடுவுல ஊசி முனை மாதிரி ஒரு சின்ன ஓட்டை இருக்கு, லிவர விட்டதும் ஆயில் அது வழியாதான் டேங்குக்கு திரும்பும். சீல் உப்பி அந்த ஓட்டைய அடைச்சிட்டா, சூட்டுல விரிஞ்ச ஆயிலுக்கு போக வழி இல்ல, பிஸ்டனதான் தள்ளும், பேடு டிஸ்க்க கவ்வும், கவ்வுனதுல இன்னும் சூடு, இன்னும் விரியும். காட்டுல எனக்கு நடந்தது இதுதான். சக்கரத்து கிட்ட பேடையும் பிஸ்டனையும் புடிச்சிருக்குற காலிபர்லயும் அதே கததான், பிஸ்டன சுத்தி சதுர வெட்டுல ஒரு சீல் இருக்கு, லிவர அமுக்கும்போது அது லேசா முறுக்கிக்கும், விட்டதும் நிமிர்ந்து பிஸ்டன ஒரு மயிரிழை பின்னாடி இழுக்கும், பேடு டிஸ்க்க விட்டு வெலகுறதே அந்த முறுக்கு நிமிர்றதாலதான், தனியா ஸ்பிரிங் எல்லாம் அந்த வேலைய பண்றதில்ல. உப்புன சீல் நிமிராது.

சீல மட்டும் மாத்தலாம்னு தேடுனேன். நெறைய கம்பெனிக காலிபர் சீல தனியா விக்கிறதே இல்ல, முழு காலிபர்தான் வாங்கணும். இந்த விஷயத்துல இங்கிலாந்துல பார்னால்ட்ஸ்விக் ஊர்ல இருக்குற ஹோப் கம்பெனிய மனசார பாராட்டணும், பிஸ்டன், சீல்னு ஒவ்வொண்ணா ஸ்பேர் குடுக்குறாங்க, ஆனா என் பட்ஜெட்டுக்கு அது எட்டாது. பழைய பிரேக்க முழுசா கழட்டி வெச்சுட்டு புதுசு வாங்க முடிவு பண்ணேன், ஆனா இந்த தடவ எவனோ சொன்னான்னு வாங்கக்கூடாது, ஒவ்வொரு பிராண்டையும் நானே தொட்டு, ஆயில் மாத்தி, ஓட்டி பாத்துட்டு வாங்கணும்னு ஒரு வெறி.

எங்க சைக்கிள் ரைடு குரூப்ல நாலு பேரு கிட்ட டீல் பேசுனேன். உங்க வண்டிக்கு நான் ஓசில பிரேக் சர்வீஸ் பண்றேன், ஆயிலும் பேடும் உங்க செலவு, முடிச்சதும் ஒரு நாள் நான் ஓட்டிக்கிறேன். ஷிமானோ எம்டி200 ஒருத்தன் கிட்ட, ஷிமானோ டியோரே எம்6120 நாலு பிஸ்டன் இன்னொருத்தன் கிட்ட, ஸ்ராம் கைட் ஒண்ணு, அப்பறம் ஜெர்மனிலேர்ந்து திரும்பி வந்த ஒரு அக்கா கிட்ட மகுரா எம்டி5. ஆக பிராண்டு மூணு, அதோட வீட்ல கீழ நிக்கிற தம்பியோட சைக்கிள்ல டெக்ட்ரோ, அதையும் சேத்துக்கிட்டா நாலு. மூணு வாரம் சனி ஞாயிறு எங்க மூணாவது மாடி பால்கனிதான் ஒர்க்‌ஷாப்.

முதல்ல எம்டி200. ஷிமானோல கீழ்மட்டத்து பிரேக்குனு பேரு, ஆனா சர்வீஸ் பண்ண இத விட சுலபமா ஒண்ணு இல்ல. லிவர நேரா படுக்க வெச்சு மேல இருக்குற குட்டி ஸ்குருவ கழட்டி அங்க ஒரு புனல் மாட்டணும், காலிபர்ல ஆயிலும் காத்தும் எடுக்குற வாய், பிளீட் நிப்பிள்னு பேரு, அதுல டியூபோட சிரிஞ்சு. சக்கரத்தையும் பேடையும் கண்டிப்பா கழட்டிடணும், பேடு இருந்த எடத்துல அந்த மஞ்ச கட்டைய சொருகணும், இல்லன்னா லிவர அமுக்குனதும் பிஸ்டன் வெளிய வந்து விழும். 7 மி.மீ. ரிங் ஸ்பேனரால நிப்பிள லேசா தொறந்து கீழேர்ந்து மேல ஆயில தள்ளுனா காத்து தானா மேல ஏறி புனல்ல குமிழ் குமிழா வரும், காத்துக்கு மேல போறதுதானே சுபாவம், அதோட போக்குலயே விட்டா போதும். அப்பறம் சிரிஞ்ச கழட்டிட்டு கீழ ஒரு கவர் கட்டி, மேலேர்ந்து ஆயில் தானா எறங்க விடணும், லிவர்லேர்ந்து காலிபருக்கு ஆயில் போற ஹோஸ ஸ்குருடிரைவர் கைப்பிடியால தட்டிக்கிட்டே. கடைசில லிவர புடிச்சுக்கிட்டு நிப்பிள ஒரு நொடில தொறந்து மூடணும், ரெண்டு மூணு தடவ. லிவர கொஞ்சம் மேல சாய்ச்சு, கொஞ்சம் கீழ சாய்ச்சு அமுக்கி பாத்தா மூலைல ஒளிஞ்சிருக்குற காத்தும் வந்துரும். மெடிக்கல்ல வாங்குன சிரிஞ்சும், மீன் தொட்டி கடைல வாங்குன டியூபும் போதும், புனல் மட்டும் ஒரிஜினல் வாங்கிடுங்க, மரை சரியா உக்காரணும்.

இதுல ஒரு விஷயம் கண்டுபுடிச்சேன். அந்த பையன் அபார்ட்மென்ட்ல பதினோராவது மாடி, தினமும் லிஃப்ட்ல சைக்கிள நட்டமா நிக்க வெச்சு எடுத்துட்டு போறான், காலைல முதல் பிரேக் எப்பவும் பஞ்சு மாதிரி இருக்கும், ரெண்டு தடவ அமுக்குனா சரியாயிடும்னு சொல்லிட்டிருந்தான். டேங்குல காத்து இருந்தா வண்டி நேரா நிக்கிற வரைக்கும் அது மேலயே இருக்கும், தொந்தரவு இல்ல. நட்டமா நிக்க வெச்சாலோ தலைகீழா கவுத்தாலோ அந்த காத்து ஹோஸுக்குள்ள போயிடும். பிரேக் கெட்டுப்போச்சுன்னு மாத்த வேண்டியதே இல்ல, காத்த எடுத்தா போதும். எடுத்தோம், அதுக்கப்பறம் அவன் அந்த கம்ப்ளெய்ன்ட் சொல்லவே இல்ல.

அதே வண்டில இன்னொண்ணும் பாத்தேன், டிஸ்க்லயே "ரெசின் பேட் ஒன்லி"னு பொறிச்சிருக்கு, இவன் நல்லா புடிக்கட்டும்னு மெட்டல் பேடு வாங்கி மாட்டி வெச்சிருக்கான். அந்த மாதிரி டிஸ்க் மெட்டல் பேட தாங்குற அளவுக்கு கெட்டி கெடையாது, சீக்கிரம் தேஞ்சிடும். வெர்னியர் வெச்சு அளந்தா டிஸ்க் 1.6 மி.மீ. ஷிமானோ டிஸ்க் புதுசுல 1.8, 1.5க்கு வந்துட்டா தூக்கி போடணும். பேடுல மருந்து, அதாவது டிஸ்க்க உரசுற பகுதி, 0.5 மி.மீ. ஆனா மாத்தணும். இந்த ரெண்டு நம்பரையும் எல்லாரும் மனசுல வெச்சுக்கணும்னு ஆசப்படுறேன், ஏன்னா என்ன பிராண்டு நல்லதுன்னு மணிக்கணக்கா பேசுறவங்க கூட அவங்க வண்டி டிஸ்க்க ஒரு தடவ அளந்து பாத்திருக்க மாட்டாங்க.

அடுத்து ஸ்ராம் கைட். இது டாட் ஆயில், 5.1 இல்லன்னா 4. இங்க கிளவுஸ் இல்லாம உக்காரக்கூடாது, பெயின்ட்ல பட்டா உரிச்சிடும், பக்கத்துல ஒரு ஸ்பிரே பாட்டில்ல தண்ணி வெச்சுக்கணும், பட்டதும் அடிச்சு தொடச்சிடணும். புனல் கெடையாது, மேல ஒண்ணு கீழ ஒண்ணுனு ரெண்டு சிரிஞ்சு. இவங்க முறைல எனக்கு ரொம்ப புடிச்சது என்னன்னா, ஊத்துறதுக்கு முன்னாடியே சிரிஞ்சு வாய அடைச்சு அந்த சிரிஞ்சோட பிஸ்டன பின்னாடி இழுத்து ஆயிலுக்குள்ள கரைஞ்சிருக்குற காத்தையே வெளிய எடுக்கணும், இழுக்க இழுக்க ஒண்ணுமே இல்லாத மாதிரி இருந்த ஆயில்லேர்ந்து பொடி பொடியா குமிழ் வந்துட்டே இருக்கும், பாக்கவே அதிசயமா இருக்கும். வேலை அதிகம், எனக்கு ஒரு பிரேக்குக்கு ஒன்றரை மணி நேரம் ஆச்சு, ஆனா முடிச்சதும் லிவர்ல கெடைக்கிற அந்த உணர்வு இருக்கே, எவ்ளோ அமுக்குறோமோ அவ்ளோதான் புடிக்கும், ஒரு விரல்ல சக்கரம் வழுக்குற எல்லை வரைக்கும் கொண்டு போய் நிறுத்தலாம். துரஹள்ளி காட்டுல அந்த பாறை மேலேர்ந்து மண்ணுக்கு எறங்குற எடத்துல இது எவ்ளோ முக்கியம்னு ஓட்டுனவங்களுக்கு தெரியும்.

டாட்னாலே எல்லாரும் மொகம் சுளிக்கிறாங்க, நான் அப்டி சொல்ல மாட்டேன். வண்டி சாமான் விக்கிற ஜே.சி. ரோட்ல எந்த கடைல போய் கேட்டாலும் டாட் 4 கெடைக்கும், மூணு நாள் லீவுல சக்லேஷ்பூர் பக்கம் போய் மாட்டிக்கிட்டா கூட ஒரு பைக் கடைல ஆயில் கெடைக்கும், மினரல் ஆயிலுக்கு அந்த வசதி இல்ல. ஆனா டாட் ஆயில் காத்துல இருக்குற ஈரத்த உறிஞ்சும். டாட் 4க்கு புதுசுல கொதிநிலை குறைஞ்சது 230 டிகிரி இருக்கணும், ஈரம் சேந்தப்பறம் 155 வரைக்கும் எறங்கலாம்னு தரம் சொல்லுது, 5.1க்கு 260, 180. வருஷா வருஷம் மழைக்கப்பறம் மாத்த தயாரா இருந்தா பிரச்சனை இல்ல. தொறந்து வெச்ச பாட்டில அடுத்த வருஷம் ஊத்தக்கூடாது. இன்னொண்ணு, டாட் 5னு ஒரு பாட்டில் இருக்கும், அது சிலிக்கான், 5.1 கூட கலக்கவே கூடாத வேற ஜாதி. நம்பர் பக்கத்துல பக்கத்துல இருக்குறதால ஒண்ணுனு நெனச்சிடாதீங்க. மினரல் ஆயில் ஈரத்த உறிஞ்சாதுதான், ஆனா அதுக்குள்ள தண்ணி போயிட்டா கலக்காம கீழ எறங்கி காலிபர்ல போய் தேங்கும், சூடு அதிகம் ஆகுற எடமே அதுதான், அதனால அதுக்கும் மாத்தவே வேண்டாம்னு அர்த்தம் இல்ல.

"ஸ்ராம்னா டாட், ஷிமானோனா மினரல்"னு மனப்பாடம் பண்ணி வெச்சிருக்குறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2022ல வந்த ஸ்ராம் டிபி8, 2024ல வந்த மேவன், ரெண்டும் மினரல் ஆயில். அதே ஸ்ராமோட கைட், கோட் எல்லாம் டாட். ஹேய்ஸ் டொமினியனும் ஹோப்பும் டாட், டெக்ட்ரோ, டிஆர்பி, மகுரா மினரல். பிராண்டு பேர பாத்து ஆயில் ஊத்துற காலம் போயிடுச்சு, டேங்கு மூடிய படிக்கணும், படிக்க முடியலன்னா டம்ளர்ல ஒரு சொட்டு விட்டு பாக்கணும்.

மகுரா எம்டி5 தொடும்போது கொஞ்சம் பயமாவே இருந்துச்சு. அந்த லிவர் உடம்பு உலோகம் இல்ல, நாரு கலந்த பிளாஸ்டிக், அதுல இருக்குற பிளீட் ஸ்குருவ 0.5 நியூட்டன் மீட்டருக்கு மேல முறுக்கக்கூடாது, அதாவது ரெண்டு விரல்ல புடிச்சு போதும்னு தோணுறதுக்கு முன்னாடியே நிறுத்தணும். நம்ம கைக்கு எல்லாத்தையும் ஒரு சுத்து எக்ஸ்ட்ரா முறுக்குற பழக்கம், இங்க அத பண்ணா மரை போயிடும், லிவரே போயிடும். ஆயில் நீலக்கலர்ல இருக்கும், ராயல் பிளட்னு பேரு, தண்ணி மாதிரி ஓடும். அதுவும் மினரல், ஷிமானோவோடதும் மினரல், அப்போ மாத்தி ஊத்தலாமானு அந்த அக்கா கேட்டாங்க. வேண்டாம்க்கானு சொல்லிட்டேன், கெட்டித்தன்மை வேற வேற, அந்தந்த கம்பெனி அவங்கவங்க ஆயில்தான் ஊத்த சொல்லுறாங்க, சீல் செத்த வண்டிய வீட்ல வெச்சுக்கிட்டு இன்னொருத்தர் வண்டில நான் பரிசோதனை பண்ண மாட்டேன். பிஸ்டன்ல காந்தம் இருக்கு, பேடு தானா டப்புனு ஒட்டிக்கும், நல்ல யோசனை. பிடிமானத்துல நான் ஓட்டுனதுலயே இதுதான் உச்சம், நாலு பிஸ்டன், ஒரு விரல் போதும். அவங்க டிஸ்க்கும் 2 மி.மீ. கனம். ஆனா பேடும் ஆயிலும் நான் பெங்களூர்ல தேடுன கடைக எதுலயும் கைல எடுத்து தரல, ஆர்டர் போட்டு காத்திருக்கணும், அந்த அக்காவே போன தடவ ஜெர்மனி போனப்போ வாங்கிட்டு வந்த ஆயில்லதான் ஓட்டிட்டிருக்காங்க.

டெக்ட்ரோ பத்தி சொல்ல பெருசா இல்ல. ஆபீஸ் போக வர ஓட்டுற சைக்கிளுக்கு அது நிம்மதியான பிரேக், ரெண்டு வருஷமா யாரும் தொடல, பேடு மாத்தி பிஸ்டன தொடச்சதும் புதுசு மாதிரி ஆயிடுச்சு.

இப்போ டியோரே எம்6120. எம்டி200ல இல்லாத ஒண்ணு இதுல இருக்கு, சர்வோ வேவ். லிவர் அமுக்க ஆரம்பிக்கும்போது பேட வேகமா டிஸ்க் கிட்ட கொண்டு போகும், தொட்டதுக்கப்பறம் அதே விரல் பலத்துக்கு அதிகமா அழுத்தும். அதனால முதல் பிடி வெடுக்குனு இருக்கும், சில பேருக்கு அது புடிக்காது, ஸ்ராம் ஓட்டிட்டு வந்தா முதல் ரெண்டு பிரேக்குல பின்சக்கரம் வழுக்கும். எனக்கும் வழுக்குச்சு. ஒரு மணி நேரத்துல விரல் பழகிடுச்சு.

நந்தி ஹில்ஸ் எறக்கத்துல நாலு பிஸ்டன் எதுக்குனு புரிஞ்சுது. நான், சைக்கிள், பை எல்லாம் சேத்து 90 கிலோ. மேலேர்ந்து 400 மீட்டர் உயரம் எறங்குறேன்னு வெச்சுக்கிட்டா கணக்கு போட்டு பாருங்க, கிட்டத்தட்ட 350 கிலோ ஜூல். நம்ம வீட்டுல ஒரு லிட்டர் தண்ணிய அடுப்புல வெச்சு கொதிக்க விடுற சூட்ட விட அது அதிகம். அதுல ஒரு பங்க காத்து எடுத்துக்கும், மிச்சம் எல்லாம் அந்த ரெண்டு மெல்லிசு தகட்டுலயும் நாலு பேடுலயும்தான் போய் எறங்கணும். பெரிய பேடு, பெரிய டிஸ்க் இருந்தா சூடு பரவ எடம் கெடைக்கும். 160லேர்ந்து 180 மி.மீ. டிஸ்க்குக்கு மாறுனா அதே விரல் பலத்துக்கு பிடிமானம் எட்டுல ஒரு பங்கு கூடும், பிராண்டு மாத்துறத விட இது விலை குறைவு, உங்க ஃபோர்க்கும் ஃபிரேமும் எவ்ளோ பெரிய டிஸ்க் வரைக்கும் தாங்கும்னு மட்டும் பாத்துட்டு பண்ணுங்க. எறங்கும்போது பிரேக்க புடிச்சுக்கிட்டே வராம, வளைவுக்கு முன்னாடி அழுத்தமா புடிச்சு விட்டுட்டு வர்றதும் இதே கணக்குதான், விடுற நேரத்துல டிஸ்க்குக்கு காத்து படும்.

முடிவு எடுக்க ரெண்டு நாள் ஆச்சு. மனசு ஸ்ராம் லிவர்ல இருந்துச்சு, கை மகுரா பலத்த கேட்டுச்சு. ஆனா நான் கேக்க வேண்டிய கேள்வி வேறனு தோணுச்சு, ராத்திரி எட்டு மணிக்கு பேடு தீந்துபோச்சுன்னா நாளைக்கு காலைல ரைடுக்கு எனக்கு எந்த பேடு கைல கெடைக்கும், எந்த ஆயில நான் மட்டும் உக்காந்து அரை மணில மாத்த முடியும். அந்த கேள்விக்கு பதில் டியோரே எம்6120. முன்னாடியும் பின்னாடியும் அதையே வாங்குனேன், பின்னாடிக்கு ரெண்டு பிஸ்டன் போதும்தான், ஆனா ரெண்டு பக்கமும் ஒரே பேடுனா பைல ஒரு ஜோடி ஸ்பேர் வெச்சா எதுக்கு வேணா ஆகும். டிஸ்க் ஆர்டி66, 180, சக்கரத்து நடுவுல டிஸ்க் மாட்டுற ஹப் என் வண்டில ஆறு போல்ட்டு. போல்ட்ட நட்சத்திர மாதிரி எதிர் எதிரா கொஞ்சம் கொஞ்சமா முறுக்கணும், ஷிமானோ சொல்றது 2லேர்ந்து 4 நியூட்டன் மீட்டர்தான்.

மாட்டும்போது ஒரு எடத்துல சறுக்குனேன், அத விரிவா சொல்லணும். முன் ஹோஸ் ரொம்ப நீளமா இருந்துச்சு, வெட்டணும். புது பிளேடால நேரா வெட்டுனேன், நட்ட மாட்டி, நசுங்கி கசிவ அடைக்கிற பித்தளை வளையம், ஆலிவ்னு பேரு, அத மாட்டி, முனைல அந்த குட்டி ஊசி மாதிரி இன்சர்ட்ட தட்டி எறக்கி, லிவருக்குள்ள சொருகி 8 மி.மீ. ஸ்பேனரால முறுக்குனேன். சரியா வந்துடுச்சுனு ஏர் எடுத்து முடிச்சு, லிவர பலமா அமுக்கி ரப்பர் பேண்ட் போட்டு ராத்திரி விட்டேன், காலைல பாத்தா நட்டு கிட்ட ஈரம். பிரச்சனை என்னன்னா, முறுக்கும்போது ஹோஸ உள்ள தள்ளி புடிச்சிருக்கணும், நான் கைய எடுத்துட்டேன், அது ஒரு மி.மீ. பின்னாடி வந்த நெலமைல ஆலிவ் நசுங்கிடுச்சு. நசுங்குன ஆலிவ மறுபடி யூஸ் பண்ண முடியாது. அல்சூர்ல கெடைக்கல, ஜே.சி. ரோட்ல கார் பைக் சாமான்தான், ஆர்டர் போட்டு நாலு நாள் காத்திருந்தேன். ஆர்டர் போடும்போது ஹோஸ் மேல எழுதிருக்குறத படிங்க, ஷிமானோலயே பிஎச்59, பிஎச்90னு ரெண்டு வகை, ஒண்ணோட இன்சர்ட் இன்னொண்ணுக்கு சேராது. நாலஞ்சு எக்ஸ்ட்ரா வாங்கி வெச்சுட்டேன். அந்த ராத்திரி ரப்பர் பேண்ட் டெஸ்ட் மட்டும் பண்ணாம இருந்திருந்தா இந்த கசிவு எனக்கு நந்தி எறக்கத்துலதான் தெரிஞ்சிருக்கும், அத நெனச்சா இப்பவும் வயித்த கலக்குது.

காலிபர் நேரா உக்கார வெக்கிறதுக்கு, ரெண்டு போல்ட்டையும் லூசு பண்ணிட்டு லிவர அமுக்கி புடிச்சுக்கிட்டே மாத்தி மாத்தி முறுக்குறது முதல் படி. அது பாதி நேரம் சரியா வராது. பின்னாடி ஒரு வெள்ள பேப்பர வெச்சு, காலிபருக்குள்ள ஒரு கண்ணால பாத்தா ரெண்டு பக்கமும் மெல்லிசா வெள்ளக்கோடு தெரியணும், ஒரு பக்கம் தெரியலன்னா கையாலயே மயிரிழை நகத்தி முறுக்கணும். இதுக்கு பொறுமைதான் வேணும், டூல் எதுவும் வேணாம்.

பேடு பழக்குறத யாரும் சரியா செய்றதில்ல. ராத்திரி பதினோரு மணிக்கு அல்சூர் ஏரிக்கரை பக்கம் ரோடு காலியானதும் போய், நல்ல வேகம் எடுத்து, நடக்குற வேகத்துக்கு வர்ற வரைக்கும் ஒரே சீரா பிரேக் புடிச்சேன், முழுசா நிக்காம. முன்னாடி இருபத்தஞ்சு தடவ, பின்னாடி இருபத்தஞ்சு தடவ. முதல் அஞ்சு தடவ பிரேக்கே இல்லாத மாதிரி இருக்கும், பத்துக்கு மேல பேடோட மருந்து டிஸ்க் மேல படிய ஆரம்பிச்சதும் பிடி ஏறிக்கிட்டே போறது விரல்லயே தெரியும். இது பண்ணாம நேரா காட்டுக்கு போறவங்கதான் கீச்சுனு கத்துதுன்னு பேட மாத்துறாங்க. செயின் ஸ்பிரே பட்டு எண்ணெய் ஏறுன பேடுனா வேற கதை, லேசா பட்டிருந்தா உப்புத்தாள்ல தேச்சு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்ல தொடச்சா தப்பிக்கும், ஊறிப்போயிருந்தா தூக்கி போடுங்க. கேஸ் அடுப்புல சுடுற வித்தைய நான் பண்ணல, பண்ணவும் சொல்ல மாட்டேன், பேடு மருந்து தகட்ட விட்டு கழண்டா என்ன ஆகும்னு யோசிச்சு பாருங்க.

பழைய ஆயில் எல்லாத்தையும் சாக்கடைல ஊத்தாம ஒரு கேன்ல சேத்து மெக்கானிக் அண்ணன் கிட்ட குடுத்தேன், அவரு கழிவு ஆயில் எடுக்க வர்றவங்க கிட்ட போட்டுடுவாரு. அவரு புது பிரேக்க அமுக்கி பாத்துட்டு, "தம்பி, மறுபடி எவனாவது சர்வீஸ்ல எத வேணா ஊத்திட்டா?"னு கேட்டாரு. வீட்டுக்கு வந்து வெள்ள டேப் எடுத்து "மினரல் ஆயில் மட்டும்"னு தமிழ்ல ஒண்ணு, கன்னடத்துல ஒண்ணு, இங்கிலீஷ்ல ஒண்ணு எழுதி ரெண்டு லிவர் கிட்டயும் ஹோஸ சுத்தி ஒட்டினேன். கன்னடம் எழுதி குடுத்தது எம்டி200 பையன், அவன் வண்டிக்கும் சேத்து ஒட்டியாச்சு. மூணு மழை ரைடுல மை கலைஞ்சு போச்சு, இந்த வாரம் பெயின்ட் மார்க்கர் வாங்கிட்டு வந்து திரும்ப எழுதணும்.